புதன்கிழமைக் கூட்டம்

சர்க்கரை நோயாளிகளை வழிக்குக் கொண்டுவருவதில் அந்த ஆஸ்பத்திரியில் சிஸ்டரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். என்ன சாப்பிடுவது, எப்போது நடப்பது என்று மல்லுக்கட்டுகிற வேலையெல்லாம் சிஸ்டருடையது. புதன்கிழமை காலையில் மாடி அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லோரையும் உட்கார வைத்துவிடுவாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் என்ன சாக்குச் சொன்னாலும் அதுவே அவருக்குப் பட்டப்பெயர். மழை பெய்தது, நடக்கவில்லை என்றவர் ‘மழை’. வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், வாயைக் கட்ட முடியவில்லை என்ற அம்மாள் ‘விருந்தாளி’. ஒழுங்காக நடந்துவிட்டு வந்தால்தான் பெயர் போகும். கேலிக்குப் பயந்தே பாதிப் பேர் நடந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

லிஃப்ட்காரர் அந்தக் கூட்டத்தில்தான் வந்து மாட்டினார். பெரிய ஆபீஸ் கட்டடம் ஒன்றில் நாளெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து ஆட்களை மேலும் கீழும் கொண்டுபோய் விடுகிற மனிதர். சிரித்தால்கூட வாயைக் கையால் மூடிக்கொள்வார். அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, சிஸ்டர் ஒரு நூலால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தொட்டதே அவருக்குத் தெரியவில்லை.

“கால் மரத்துப் போயிருக்குண்ணா. தினம் பாதத்தைத் திருப்பிப் பாத்துட்டுத்தான் படுக்கணும். நடக்கவும் ஆரம்பிக்கணும்.”

“நடக்க நேரமே இல்லையே சிஸ்டர்.”

“ஆகா, நேரமில்லையாம்!” என்று கத்தினார் ‘மழை’. வந்த அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது.

ஆனால் சிஸ்டர் கேலியோடு விட்டுவிடுகிறவள் இல்லை. மத்தியானம் சாப்பிட்டதும் லிஃப்டை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு மாடிப்படி ஏறி இறங்கும்படி வழி சொன்னாள். மறுநாளே ஏற ஆரம்பித்துவிட்டார். “என்ன, லிஃப்டுகூடக் கோவமா?” என்று ஆபீஸ் ஆட்கள் வம்புக்கு இழுத்தார்கள். அவர் பாட்டுக்கு ஏறினார். சர்க்கரை மளமளவென்று குறைந்தது. சிஸ்டர் பூரித்துப்போய், அவரை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தாள். பாவம், அந்த மனிதருக்காக யாரும் அதுவரை கைதட்டியதில்லை. அவர் முகம் சிவந்துபோயிற்று.

அந்தச் சந்தோஷத்தில் அவர் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை அவர் வரவில்லை. கூட்டம் தொடங்கும் முன் அவருடைய மனைவி மட்டும் வந்து வாசலில் நின்றாள்.

“கீழ வார்டுலதான் இருக்காரு சிஸ்டர். முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க.”

சிஸ்டர் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஷூவுக்குள்ள ஆணி மேல வந்திருக்கு. குத்தினது அவருக்குத் தெரியல. சாக்ஸைத் துவைக்கிறப்ப ரத்தத்தைப் பாத்துட்டு நான்தான் கத்தினேன். புதன்கிழமை சிஸ்டர்கிட்டயே காட்டிடறேன்னு சொல்லிட்டு வந்தாரு.”

அந்தப் புதன்கிழமை சிஸ்டருக்கு நன்றாக நினைவிருந்தது. விருந்தாளி அம்மாள் குதிகால் வலி என்று வாயெடுத்ததுமே, புதுச் சாக்கு என்று கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலில் சிரித்தது சிஸ்டர்தான். லிஃப்ட்காரர் கையைப் பாதி தூக்கியிருந்தார். என்னவென்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல சிஸ்டர். நடந்துட்டுத்தான் இருக்கேன்,” என்றார். அவருக்கு இன்னொரு முறை கைதட்டச் சொன்னாள் அவள்.

“அதுக்கப்புறமும் படி ஏறினாரா?”

“துணியைச் சுத்திக்கிட்டு ஏறினாரு. நிறுத்தினா மறுபடி பேர் வெச்சிடுவாங்கன்னாரு. அவருக்குச் சூடு சொரணை ஜாஸ்தி சிஸ்டர், வெளிய காட்டிக்க மாட்டாரு.”

அவள் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். சிஸ்டர் எழுந்து, ஆயிரம் முறை ஏறி இறங்கிய படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அவளைக் கண்டதும் லிஃப்ட்காரர் போர்வையை அவசரமாக இழுத்து விட்டுக்கொண்டார்.

“சுகர் ஏறிடுச்சு சிஸ்டர். இவ்வளவு நாள் நீங்க பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சு.”

“அண்ணா, அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது. என்னால வந்ததுண்ணா இது.”

“சேச்சே, என்ன பேச்சு இது. தமாஷுக்குத்தானே சிரிச்சீங்க.” வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஒரே ஒரு உதவி செய்யணும். மேல எல்லாரும் வந்திருப்பாங்க. என்னைக் கேட்டா, வேற ஊருக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டாருன்னு சொல்லிடுங்க. காலைப் பத்திச் சொல்லிடாதீங்க.”

சிஸ்டர் தலையை மட்டும் ஆட்டினாள்.

“நல்லா நடந்துட்டிருந்தாருன்னும் சொல்லுங்க,” என்றார் அவர்.