மாடிவீட்டாருக்கு நாலு கப்பிக்குஞ்சு

இப்போதெல்லாம் எதைத் தொட்டாலும் கருத்துக் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு, சிரித்த முகமா, முறைத்த முகமா, ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போங்கள் என்கிறார்கள். ஊசி குத்திக்கொண்டவனுக்கு எந்த முகம் இருக்கும்? கழிப்பறை வாசலில்கூட அந்தப் பலகையை மாட்டி வைத்திருக்கிறான். உள்ளே தண்ணீர் வரவில்லை. கருத்துச் சொல்ல மட்டும் மின்சாரம் இருக்கிறது. ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கேட்டால் போதும், கால் வைக்காத ஓட்டலுக்கும் கருத்துச் சொல்வார்கள்.

அதனால், நான் சந்தா கட்டுகிற பத்திரிகையிலிருந்து, ‘வாசகர் கருத்தறியும் கூட்டம், அவசியம் வரவும்’ என்று அட்டை வந்தபோது கசக்கித்தான் போட்டேன். அப்புறம் எடுத்து, மேஜைமேல் வைத்து, உள்ளங்கையால் நீவினேன். அதற்குக் காரணம் இருந்தது.

பத்திரிகை மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கானது. பெயர் ‘கண்ணாடித் தொட்டி’. மாதம் ஒன்று. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். முப்பத்தெட்டு வருஷம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தேன். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த முதல் மாதமே என் வீட்டுக்காரி ஒரு தொட்டியையும் வாங்கி வைத்து, இந்தப் பத்திரிகைக்கும் சந்தா கட்டிவிட்டாள். “காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என் பின்னாடியே அடுப்படிக்கு வராம, இதையாவது பாரு” என்றாள்.

கட்டுரைகளை நான் படிப்பதில்லை. அதெல்லாம் படித்தவன் படித்தவனுக்கு எழுதுவது. கடைசிக்கு முந்தின பக்கம் வாசகர் கடிதம், அதுதான் என் பக்கம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் காலண்டர் தாளின் பின்பக்கம் என் முதல் கடிதத்தை எழுதினேன். மீனுக்குத் தினமும் இரண்டு வேளை தீனி போட வேண்டும், பசியோடு விடுவது பாவம் என்று எழுதி, ‘லேத் பட்டறைக்காரன்’ என்று கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதமே ஒருவர் பதில் எழுதியிருந்தார். ‘ஞாயிற்றுக்கிழமை மீனுக்குத் தீனி போடவே கூடாது. வயிறு காய்ந்தால்தான் மீன் சுறுசுறுப்பாக இருக்கும். லேத் பட்டறைக்காரர் தன் வயிற்றை வைத்து மீனின் வயிற்றை அளக்கிறார். - மாடிவீட்டார்.’

என் வீட்டுக்காரி அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு இரண்டு தட்டு உடைந்தது. எனக்கு வந்ததே கோபம். மறுநாளே எழுதினேன். அவரும் எழுதினார். அப்படியே பதினோரு வருஷம். நத்தையை விடலாமா, கல்லைக் கழுவலாமா, பம்ப் சத்தம் மீனுக்குக் கேட்குமா, எல்லாவற்றுக்கும் சண்டை. எனக்கு இந்த உலகத்தில் யாரிடமும் நம்பிக்கை கிடையாது. எடை போடுகிறவனையும் நம்ப மாட்டேன், எடைக்கல்லையும் நம்ப மாட்டேன். ஆனால் மாடிவீட்டார் சண்டைக்கு வருவார் என்று மட்டும் நம்பினேன். அவரும் ஒரு மாதம் தவறியதில்லை.

ஒரே ஒருமுறை நான்தான் தவறினேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரி போனபோது. நான்கு மாதம் எதுவும் எழுதவில்லை. மகள் வந்துபோகும்போது தீனி போட்டாள், நான் தொட்டிப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் மூன்று வரி எழுதிப் போட்டேன். ‘வீட்டில் ஒரு சாவு. தொட்டி பச்சையாகப் பாசி பிடித்துக் கிடக்கிறது. சண்டை போட எனக்குத் தெம்பில்லை.’

அதற்கு மாடிவீட்டார் எழுதியதை நான் வெட்டி எடுத்துத் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். ‘முதலில் விளக்கைப் போடுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம். மீன்கள் உங்களைப் பார்த்து நாளாகிறது.’

மீன் வளர்க்கிற எவனுக்கும் தெரியும், பாசி பிடித்த தொட்டிக்கு விளக்குப் போடக் கூடாது. வெளிச்சம் பட்டால் பாசி இன்னும் கொழுக்கும். மாடிவீட்டாருக்கு அது தெரியாதா? தெரிந்தேதான் எழுதினார். தொட்டி கெட்டாலும் பரவாயில்லை, இந்த மனுஷன் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று எழுதினார். நான் விளக்கைப் போட்டேன். பாசி மண்டிப்போய் மூன்று மீன் செத்தது. மிச்ச மீன்களை வாளியில் எடுத்துவிட்டு, நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு வேலை செய்தேன், தொட்டியைக் கழுவினேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தீனி போடுவதை நிறுத்திவிட்டேன். நிஜமாகவே மீன்கள் தெளிவாக இருந்தன. கப்பி மீன்கள் குட்டி போட்டுத் தள்ளின. ஆனால் அதை நான் எழுதவில்லை. எழுதினால் சண்டை முடிந்துவிடும்.

இப்போது மூன்று இதழாக மாடிவீட்டார் கடிதம் இல்லை. அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. அவர் என் வயசுக்காரர்தான், எழுத்திலேயே தெரியும். அந்த வயசில் ஒருவர் மூன்று மாதம் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் அட்டையை நீவினேன். ஆள் உயிரோடு இருந்தால் கூட்டத்துக்கு வருவார். வந்தால் ஞாயிற்றுக்கிழமை விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி என்று நேரிலேயே சொல்லிவிடலாம். சும்மா சொன்னால் நன்றாக இருக்காது என்று, அந்தப் பட்டினி மீன்கள் போட்ட குஞ்சுகளில் நான்கை வாயகன்ற போத்தலில் விட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, துணிப்பையில் வைத்துக்கொண்டேன்.

கிளம்புகிற நேரத்தில் மகள் போன் செய்தாள்.

“அப்பா, அந்த ஆளோட பேருகூட உங்களுக்குத் தெரியாது. அவருக்காக ரெண்டு பஸ் மாறிப் போறீங்களா?”

“என் பேரு மட்டும் அவருக்குத் தெரியுமாக்கும்?”

“என் வீட்டுக்கு ஒரே பஸ்தான். அதுல ஏற மட்டும் உங்களுக்கு முட்டி வலிக்குது.”

“உன் வீட்டுல சண்டை போட ஆள் இல்லம்மா. உன் புருஷன் எதைச் சொன்னாலும் ‘ஆமா மாமா’ங்கிறான்.”

அவள் சிரிக்கவில்லை. வைத்துவிட்டாள்.

கூட்டம் ஓர் அச்சகத்தின் மாடியில். முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தது பதினோரு பேர். மாடிவீட்டுக்காரர் என்றால் படி ஏறிப் பழகியிருப்பார், மூச்சு வாங்காமல் வருகிற கிழவர் யார் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கிழவர்கள் நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேருக்கும் மூச்சு வாங்கியது.

ஒல்லியாக ஒருவர் எழுந்து, தான்தான் ஆசிரியர் என்றார். சந்தா பாதியாகக் குறைந்துவிட்டதாம். ஏன் கட்டுகிறீர்கள், இனிமேல் கட்டுவீர்களா, மனம் திறந்து சொல்லுங்கள் என்றார். ஆளுக்கொரு படிவமும் கொடுத்தார்கள்.

முதலில் சலூன் வைத்திருக்கிறவர் எழுந்தார். “நான் படிக்கிறதுக்கு வாங்கலைங்க. கடையில காத்திருக்கிறவங்க புரட்டுறதுக்கு வாங்குறேன். போன மாசம் அட்டையில இருந்து கடைசி வரைக்கும் இறாலாப் போட்டுட்டீங்க. ஒருத்தன் பார்த்துட்டு, ‘அண்ணே, பசிக்குது, சாப்பிட்டு வந்து முடி வெட்டிக்கிறேன்’னு போனவன் வரவே இல்ல.”

ஒரு தையல்காரர், “மழைக்காலத்துல புத்தகம் நனைஞ்சே வருது. மீன் புத்தகம்தானே, தண்ணியில இருந்தா என்னன்னு தபால்காரர் நினைக்கிறார் போல” என்றார்.

டீச்சர் வேலை பார்க்கிற ஒரு அம்மா, “எல்லாம் போன்லயே வந்துடுது சார். ஆனா போன்ல பாதி படிக்கும்போதே என் மாமியார் கூப்பிட்டுடுறாங்க. இதைப் படிக்கும்போது யாரும் கூப்பிட மாட்டாங்க. அதுக்காகவே கட்டுவேன்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

“பெரியவர் சொல்லுங்க” என்று ஆசிரியர் என்னைக் காட்டினார்.

நான் எழுந்தேன். “நான் லேத் பட்டறைக்காரன். உங்க பத்திரிகையை ஒரே ஒரு ஆளுக்காக வாங்குறேன். மாடிவீட்டார். மூணு மாசமா அவர் கடிதம் இல்ல. ஆள் இருக்காரா இல்லையா? அதைச் சொல்லுங்க. மத்தபடி எனக்குக் கருத்து கிருத்து ஒண்ணும் கிடையாது.”

சிலர் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. மூலையில் காகிதக் கட்டோடு நின்றிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். “அதை அப்புறம் பேசலாம் ஐயா” என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் உட்கார்ந்தேன். போய்விட்டார் மாடிவீட்டார் என்று நினைத்தேன்.

டீ கொடுக்கிற நேரத்தில் அந்தப் பெண் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டாள். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிற வேலையாம்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. மாடிவீட்டார்னு யாரும் இல்ல. அது நான்தான்.”

நான் டீயைக் கீழே வைத்தேன்.

“கடிதம் ரொம்பக் கம்மியா வரும் ஐயா. பக்கம் நிரம்பாது. உங்க கடிதம் மட்டும் மாசாமாசம் வந்துடும். அதுக்கு எதிர்ப்பா ஒண்ணு எழுதினா எட்டு வரி நிரம்பும். இப்ப அந்தப் பக்கத்தைப் பாதியாக்கிட்டாங்க. எட்டு வரி தேவைப்படல. அதான்.”

“இப்படிச் சொல்லச் சொன்னது ஆசிரியரா?”

“இல்லைங்க.”

“என் வீட்டுக்காரிக்கு ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு ஆஸ்பத்திரியில மூணு நாள் சொன்னாங்கம்மா. நாலாவது நாள் சொல்லல. இந்த மாதிரி மறைக்கிற முகம் எனக்குத் தெரியும். அவர் செத்துட்டாருன்னா செத்துட்டாருன்னு சொல்லு. நான் ஒண்ணும் விழுந்துட மாட்டேன்.”

“ஐயோ, சத்தியமா இல்ல ஐயா. ‘தன் வயிற்றை வைத்து மீனின் வயிற்றை அளக்கிறார்’னு எழுதினேனே. அது எங்க அப்பா எங்க அம்மாவைச் சொல்றது.”

“அது அச்சாகி வந்த வரி. படிச்ச எவனும் சொல்லுவான்.”

“ஞாயிற்றுக்கிழமை தீனி போடக் கூடாதுங்கிறதை வேற ஒரு வாசகர் கடிதத்துல இருந்து எடுத்தேன்.”

“உன் வீட்டுல தொட்டி இருக்கா?”

“இல்ல ஐயா. எனக்கு அந்த வாடையே ஆகாது.”

பேச்சில் திருகாணி மாதிரி இறங்குகிறவன் நான். கடைசிக் கேள்விக்கு வந்தேன். “அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, வீட்டில ஒரு சாவுன்னு எழுதியிருந்தேன். அதுக்கு என்ன பதில் எழுதின?”

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யோசித்தாள்.

“ஞாபகம் இல்ல ஐயா. அந்த மாசத்துக்கு ஏதாவது எட்டு வரி எழுதியிருப்பேன்.”

“மூணு வரி” என்றேன்.

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. “மன்னிச்சுக்குங்க” என்றாள்.

“பாசி பிடிச்ச தொட்டியில விளக்குப் போட்டா என்ன ஆகும்?”

“விளக்கா?” அவள் தயங்கினாள். “வெளிச்சம் பட்டா பாசி போயிடும்... இல்லையா ஐயா?”

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இவளுக்கு அடிப்படையே தெரியவில்லை. பாசிக்கு வெளிச்சம்தான் சோறு என்று தெரியாதவள், எனக்காகத் தெரிந்தே தப்பாக எழுதியிருக்க முடியுமா? மாடிவீட்டாருக்குத் தெரியும். அதுவுமில்லாமல், அந்த மூன்று வரியை எழுதின ஆளுக்கு அது மறக்காது. மறந்துவிட்டது என்றால் எழுதவில்லை என்று அர்த்தம்.

பையில் போத்தல் ஆடியது. அவள் பார்த்துவிட்டாள்.

“மீனா ஐயா? அவருக்குக் கொண்டு வந்தீங்களா?” கையை நீட்டவில்லை, ஆனால் கை கொஞ்சம் எழுந்தது. “வேணும்னா நான்...”

“வாடை ஆகாதுன்னியேம்மா” என்றேன். “உனக்கு எதுக்கு வம்பு?”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “இனிமே எழுதவா ஐயா? எட்டு வரி கேட்டு வாங்குறேன்.”

“நீ எழுதி என்ன பண்ண? அவர் எழுதணும்.”

படிவத்தை அங்கேயே சுவரில் வைத்து நிரப்பினேன். ‘சந்தாவைத் தொடர்வீர்களா?’ என்ற இடத்தில் ஆம் என்றும் அடிக்கவில்லை, இல்லை என்றும் அடிக்கவில்லை. ‘மாடிவீட்டார் எழுதினால் கட்டுவேன்’ என்று எழுதி அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிப் படித்தாள். கை பழக்கமோ என்னவோ, பேனாவைத் திறந்தாள். பிறகு எதையும் திருத்தாமல் மூடிவிட்டாள். உள்ளே சலூன்காரர் மறுபடி ஏதோ சொல்ல, ஜனம் சிரித்தது. நான் படி இறங்கினேன். அவள் மேலேயே நின்றாள். “பார்த்துப் போங்க ஐயா” என்ற குரல் மட்டும் வந்தது. நான் திரும்பவில்லை.

தெருவில் வெயில் நேராக இறங்கியது. பஸ் வர நேரமானது. நிறுத்தத்தின் நிழலில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து காற்று விட்டேன். நாலும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தீனி கேட்கின்றன. என் சட்டைப் பையில் பொட்டலம் இருந்தது. ஒரு சிட்டிகை போட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?

கையைப் பை வரைக்கும் கொண்டுபோய்விட்டுத் திரும்ப எடுத்துவிட்டேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

மூடியைத் திருகிக்கொண்டு எழுந்தேன். அந்தப் பெண் பொய் சொல்கிறாள். எந்த ஊரிலோ, ஏதோ ஒரு மாடியில், முட்டி வலியோ கண் மங்கலோ, எழுத முடியாமல் அந்த ஆள் உட்கார்ந்திருப்பார். விளக்காவது போட்டுக்கொண்டாரோ என்னவோ. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பிடிக்கவில்லை. நடந்தேன்.