பாதி விலை மஞ்சள் சேலை

தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டால் போதும், செவ்வந்திக்குக் கால் தரையில் நிற்காது. அதில் தப்பொன்றும் இல்லை. நாளெல்லாம் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவளுக்கு, விலை குறைகிறது என்றால் இனிக்காமல் கசக்கவா செய்யும்? கச்சிராயபாளையத்தை ஒட்டிய அவள் தெருவில் நடவுக்குப் போகும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. யார் வயலில் இறங்குவது, டீ வராவிட்டால் எப்போது கரையேறுவது, எல்லாம் அவள் சொல்வதுதான். அவள் வாய் பெரிய வாய் என்று தெருவே சொல்லும். அவளும் மறுக்கமாட்டாள்.

ஆடியில் தெரு மாரியம்மனுக்கு இந்தப் பெண்கள்தான் பால்குடம் எடுப்பார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் சேலை. வருஷா வருஷம் அந்தச் சேலை கடைத்தெருவில் ராஜாங்கத்தின் ஜவுளிக்கடையில்தான் எடுப்பது. திருவிழா சமயத்தில் மஞ்சள்பொடிப் பொட்டலமும் அங்கேயே கிடைக்கும். ராஜாங்கத்துக்கு ஆடியும் ஒன்று, ஆவணியும் ஒன்று. விலையில் காலணா இறங்கமாட்டார். பேரம் பேசினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். பேசுகிறவளுக்கு வாய் வலித்ததும் எடுத்து மாட்டிக்கொள்வார். ஆனால் சாவு விழுந்த வீட்டிலிருந்து எந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டினாலும், பிணத்துக்குப் போர்த்தக் கோடித் துணி கிழித்துக் கொடுப்பார். கரும்பு லாரி கவிழ்ந்து, கூட நடவுக்கு வரும் இருசம்மாளின் புருஷன் பிச்சைமுத்து போனபோது, ஓடிப்போய் அந்தக் கதவைத் தட்டியவள் செவ்வந்திதான்.

அந்த இருசம்மாளும் இந்த வருஷம் பால்குடம் எடுக்கப்போகிறாள். புருஷன் போனதிலிருந்து அவள் மஞ்சள் பக்கமே போனதில்லை. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, அவளாகவே ஒதுங்கிக்கொண்டாள். செவ்வந்திக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் நடவுக்கு நடுவே சத்தமாகவே சொன்னாள்.

"அம்மனுக்கு முன்னால தாலி இருக்கறவ இன்னா, இல்லாதவ இன்னாடி? பாலத்தான தூக்கப் போற? இந்த வருசம் நீயும் எடுக்கற."

இருசம்மாள் ஒரு வரிசையை நட்டு முடித்தாள். பிறகு நிமிராமலே, "எனக்கும் மஞ்ச சேலதானாக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த ஆசை செவ்வந்தியின் காதிலேயே நின்றது.

தெருவில் மூத்தவளான பெரியம்மாளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "நான் ஒண்ணும் சொல்லலம்மா. அம்மன் ஏத்துக்கினா சரி. ஏத்துக்கலன்னா அவளே நடுத்தெருவுல காட்டிக் குடுத்துடுவா" என்று குழாயடியில் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஆட்டோ வந்தது. கள்ளக்குறிச்சியில் புதிதாக வந்த நான்கு மாடிக் கடைக்கு ஆடித் தள்ளுபடி, எதை எடுத்தாலும் பாதி விலை என்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனது. செவ்வந்தி மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள். பாதிக் காசு மிஞ்சினால் கூழ் ஊத்துகிற அன்றைக்கு நல்ல கருவாட்டுக் குழம்பே வைக்கலாம்.

"ராஜாங்கண்ணன் இன்னா நெனைக்கும்?" என்று கொளஞ்சியம்மாள் கேட்டாள். செவ்வந்தி பக்கத்தில் நின்று நடுகிறவள், அவளை எதிர்த்துப் பேச தைரியம் உள்ள ஒரே ஆள்.

"அது இன்னா நெனைக்கறது? கண்ணாடியத் தொடைக்கும்" என்றாள் செவ்வந்தி. எல்லோரும் சிரித்தார்கள். அத்தோடு விஷயம் முடிந்துவிட்டது.

டவுன் பஸ் பிடித்து செவ்வந்தியும் கொளஞ்சியம்மாளும் போய் இறங்கினார்கள். கடைக்குள் திருவிழாக் கூட்டம். மேலே குளிர்காற்று, கீழே மிதிபடுகிற கால். மஞ்சள் சேலைக் குவியலுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். பேர் பூமாலை, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கமாம். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காந்துக்கினு காட்டேன் கண்ணு" என்றாள் செவ்வந்தி.

"உக்காந்தா திட்டுவாங்கக்கா" என்று பூமாலை உதட்டை அசைக்காமல் சொன்னாள். இரண்டடி தள்ளி மேற்பார்வைக்காரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

செவ்வந்தி சேலைகளை எண்ணச் சொன்னாள். பூமாலை எண்ணவில்லை. மேற்பார்வைக்காரனை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை நாக்கில் தொட்டு, சேலை முந்தானையில் அழுத்தித் தேய்த்து, அந்த விரலை செவ்வந்தியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல் மஞ்சளாக இருந்தது. நீட்டின கையோடு செவ்வந்தியின் கண்ணையே பார்த்தாள்.

இன்னொருத்தியாக இருந்தால் அந்த ஜாடையைப் பிடித்திருப்பாள். நம்ம செவ்வந்திக்கு அம்மன் நினைப்பு. "பாத்தியாடி கொளஞ்சி, தொட்ட ஒடனே மஞ்ச ஒட்டுது! எவ்ளோ மங்களகரமா இருக்குது! இந்தப் பொண்ணே மகாலட்சுமியாட்டம் காட்டுது" என்று பூமாலையின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கி வேறு விட்டாள். பூமாலை பெருமூச்சு விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினாள்.

பால்குடத்தன்று விடிந்ததும் எல்லோரும் கோமுகி வாய்க்காலில் இறங்கினார்கள். உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, புதுச்சேலையோடு முங்கி, ஈரத்தோடு குடம் தூக்குவதுதான் வழக்கம். தண்ணீர் மஞ்சளாக ஓடியது. எல்லோரும் பூசின மஞ்சள்தான் கரைகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். இருசம்மாள் கரையேறியபோது தன் சேலையையே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள். கல்யாணப் பெண் மாதிரி அவளுக்கு வெட்கம் வந்தது. செவ்வந்திக்கு வந்த சந்தோஷத்தில் பம்பைச் சத்தத்துக்கு முன்னாலேயே குலவை போட்டுவிட்டாள்.

ஊர்வலம் கிளம்பியது. வீட்டுக்கு வீடு வாசலில் நின்று, பால்குடம் வருகிறவர்கள் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தார்ரோடு சுடாமலிருக்க டிராக்டர் தொட்டியிலிருந்து பையன்கள் வேறு பீய்ச்சினார்கள். கண்ணை மூடிக்கொண்டு அம்மனை நினைத்து நடக்கிறவர்களுக்குச் சேலையைப் பார்க்க ஏது நேரம்? கடைத்தெரு திரும்பினதும் திடீரென்று பம்பைக்காரன் அடிப்பதை நிறுத்தினான். செவ்வந்தி கண்ணைத் திறந்தாள்.

முன்னால் போகிற கொளஞ்சியம்மாள் வெள்ளைச் சேலையில் இருந்தாள். அவளுக்கு முன்னால் போகிறவளும் வெள்ளை. செவ்வந்தி குனிந்து பார்த்தாள். அவளும் வெள்ளை. மஞ்சள் எல்லாம் ரோட்டோரம் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது.

"அடியே செவ்வந்தி, ஒரே நாள்ல அத்தனை பேர் தாலியையும் அறுத்துட்டியேடி!" என்று கொளஞ்சியம்மாள் அலறினாள்.

ஆனால் கூட்டம் கொளஞ்சியம்மாளைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் வரிசையின் கடைசியில் நின்ற இருசம்மாள் மேல் இருந்தது. பெரியம்மாள் மோவாயில் கைவைத்து, "பாத்தீங்களா? நான் சொன்னன்ல. அம்மன் காட்டிக் குடுத்துட்டா" என்றாள். இருசம்மாளின் முகம் செத்துப்போயிற்று. குடத்தை இறக்கக் கை போனது. பால்குடத்தைக் கோயில் போய்ச் சேருமுன் கீழே இறக்கினால், அப்புறம் எந்த ஜென்மத்திலும் அவள் தூக்கமாட்டாள்.

செவ்வந்தி அவளிடம் போகத் திரும்பினாள். இதில் இன்னொரு கூத்தையும் அப்போதுதான் கவனித்தாள். ஊர்வலம் நின்ற இடம் ராஜாங்கம் கடை வாசல். மனுஷன் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்துவிட்டால் தன் மானம் கொஞ்சமாவது மிஞ்சும். அம்மன் மேல் பழி போகும், இருசம்மாள் மேல் பழி போகும், தன் மேல் வராது. அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே அவளுக்குத் தன்மேல் கோபம் வந்தது.

"எறக்காதடி!" என்று கத்தினாள். "ஏ சனங்களே, கேட்டுக்குங்க! அம்மன் யாரையும் ஒண்ணும் சொல்லல. ராஜாங்கண்ணன் கடையில எடுக்காம, பாதி வெலன்னு கள்ளக்குறிச்சிக்கு ஓடிப்போயி இந்தச் சேலைய வாரிக்கினு வந்தவ நானு. கெட்டது சாயம். என் புத்தியும் கெட்டது. இருசம்மா சேல மட்டுமா வெளுத்துச்சி? என் சேலையும்தான் வெளுத்துச்சி. என் புருசன் அதோ குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரு!"

"நிக்கிறன், நிக்கிறன்!" என்று அவள் புருஷன் அம்மாசி கூட்டத்தில் கையைத் தூக்கிக் காட்டினான். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"பெரியம்மாக்கா, உன் மருமவ சேலையும் வெளுத்துதான் கீது. உன் புள்ள உசுரோடதான இருக்கான்?"

பெரியம்மாள் அவசரமாகத் திரும்பி மகனைப் பார்த்தாள். அவன் ஐஸ் தின்றுகொண்டு நின்றான்.

சிரிப்பு அடங்கினாலும் சேலை வெள்ளையாகத்தான் இருந்தது. இப்படியே எப்படிக் கோயிலுக்குப் போவது? குடத்தைப் பிடித்திருந்த தன் கையை செவ்வந்தி பார்த்தாள். மணிக்கட்டில் கட்டின காப்பு மட்டும் இத்தனை தண்ணீருக்கும் மஞ்சளாகவே இருந்தது. வெள்ளை நூலை மஞ்சளில் முக்கி அவளே திரித்த காப்பு. வெட்கத்தை விட்டுவிட்டு ராஜாங்கத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க கடையில மஞ்சப்பொடி எவ்ளோ கீது? எல்லாத்தையும் குடுங்க. வெலய அப்பறம் பேசிக்கலாம்."

ராஜாங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். செவ்வந்திக்கு உயிர் போய்விட்டது. அவர் சாவகாசமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டு, உள்ளே பார்த்து, "கமலா, அண்டாவக் கொண்டா" என்று மனைவியைக் கூப்பிட்டார். பிறகு செவ்வந்தியிடம், "வெல ஒரு பைசா கொறைக்க மாட்டன். சும்மா வேணா குடுப்பன்" என்றார்.

திருவிழாவுக்காக அடுக்கி வைத்திருந்த பொட்டலங்கள் எல்லாம் அண்டாவுக்குள் போயின. ஆனால் பெண்களுக்கு இரண்டு கையும் குடத்தில். யார் நனைப்பது? "யோவ், வேடிக்கை பாத்துக்கினு நிக்கறியே, வந்து நனைய்யா!" என்றாள் செவ்வந்தி. அம்மாசி வெட்கப்பட்டுக்கொண்டே சொம்பை எடுத்தான். அவனைப் பார்த்து மற்ற புருஷன்மாரும் வந்தார்கள். வீட்டில் ஒரு துண்டைக்கூட அலசிப் போடாத ஆம்பிளைகள், நடுக்கடைத்தெருவில் பெண்டாட்டி தோளில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கொசுவத்தைப் பிழிந்து, முந்தானையை முக்கி எடுத்தார்கள். கொளஞ்சியம்மாளின் புருஷன் அவள் காதில்கூட ஊற்றிவிட்டான். சிரிப்பில் குடங்கள் ஆடின. பம்பைக்காரனும் சும்மா இருக்கமாட்டாமல் அடிக்கத் தொடங்கினான்.

வரிசையின் கடைசியில் இருசம்மாள் வெள்ளையாகவே நின்றாள். அவளுக்கு ஊற்ற யாரும் இல்லை. கமலா சொம்போடு படியிறங்கினாள். அதற்குள் ஒரு கை அந்தச் சொம்பைப் பிடுங்கியது. பெரியம்மாள்.

"நவுருங்கடி. ஆம்பளைங்களுக்குத் துணி நனைக்கத் தெரியுமா? திட்டுத் திட்டா ஊத்தி வெச்சிருக்கானுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே, இருசம்மாளின் சேலையை முழம் முழமாகப் பிடித்து நனைத்தாள். ஓரம், மடிப்பு, முந்தானை, எதையும் விடவில்லை. இருசம்மாள் அழுதாள். பெரியம்மாள் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். அன்றைக்குக் கோயிலுக்குள் போன சேலைகளில் இருசம்மாளுடையதுதான் நல்ல நிறம்.

திருவிழா முடிந்ததும் செவ்வந்தி தன் சேலையைச் சுருட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குச் சண்டைக்குப் போனாள். பூமாலை அதே இடத்தில் நின்றிருந்தாள். செவ்வந்தியைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"அடிப்பாவி, நான் அத மங்களம்னு நெனச்சன்டி!" என்றாள் செவ்வந்தி. இரண்டு பேருக்கும் சிரிப்பு தாளவில்லை. மேற்பார்வைக்காரன் வந்தான். பூமாலையின் முகம் மாறியது. "திருப்பிக் குடுத்தா எங்க சம்பளத்துலதான் புடிப்பாங்கக்கா" என்று மெல்லச் சொன்னாள்.

பாதி விலைக்கு மீதிப் பாதியை யார் கொடுக்கிறார்கள் என்று செவ்வந்திக்கு அப்போதுதான் உறைத்தது. வாய்வரைக்கும் வந்த சண்டையை விழுங்கினாள். "ஒண்ணும் இல்ல சார், சேல ஜோரா ஒழைக்குது. இந்தப் பொண்ணுக்குத்தான் நின்னு நின்னு காலு வீங்கிக் கெடக்குது. ஒரு ஸ்டூலு போட்டா உங்க கடை கவுந்துடுமா?" என்று நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு இறங்கினாள்.

வெயில் பட்டால் மஞ்சள் நிற்காது. கொஞ்ச நாளில் எல்லோர் சேலையும் வெளுத்தது. ஒருத்தி தூளி கட்டினாள், ஒருத்தி வாசலுக்குத் திரை போட்டாள். இருசம்மாள் மட்டும் அதைக் கட்டிக்கொண்டு நடவுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சளில் நனைத்துக் கொடியில் போட்டாள்.

செவ்வந்திக்கு மனசு கேட்கவில்லை. "ராஜாங்கண்ணன் கடையில நல்லதா ஒண்ணு எடுத்தாறன்டி. அத தூக்கிப் போடு."

"வாணாம்க்கா" என்றாள் இருசம்மாள், நாற்றுக் கட்டைப் பிரித்துக்கொண்டே. "கடைக்காரன் போட்ட மஞ்ச அன்னிக்கே போயிடுச்சி. இது நம்ம தெருக்காரங்க போட்டது. வெளுத்தா இன்னா, மறுபடி நனைச்சிக்கறன்."