கட்டியின் சாப்பாடு

அத்தானின் தலைக்குள் இருக்கிற கட்டிக்குக் கொழுப்பு என்றால் உயிர் என்று அக்கா கேள்விப்பட்ட அன்றே, எங்கள் வீட்டு எண்ணெய்ச் சட்டி பரணுக்குப் போய்விட்டது. வெண்ணெய் பக்கத்து வீட்டுக்குப் போனது. அன்று முதல் எல்லாமே வேகவைத்ததுதான்.

அறுவை சிகிச்சையில் கட்டியின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். எடுக்க முடியாத மிச்சத்துக்குத்தான் கதிர்வீச்சு. மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருந்தபோது யாரோ ஒரு அம்மா தன் போனில் வந்த செய்தியை அக்காவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். மூளைக் கட்டி கொழுப்பைத் தின்று வளர்கிறதாம்.

"பட்டினி போட்டா தானா சுருண்டுடும்," என்றாள் அக்கா.

"அது சுருளுதோ இல்லையோ, நான் சுருண்டுடுவேன்."

"உடம்புல எல்லாம் குறையுது. இந்த வாய்க்கொழுப்பு மட்டும் குறையுதா பாருங்க."

அத்தான் சொல்வாரே தவிர, தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிடுவார். அக்கா அடுப்படிக்குள் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "குட்டி, இது ஒண்ணுதான் அவ கையில இருக்கு. அதையும் நான் பிடுங்கக் கூடாது."

எனக்கோ வேறு சந்தேகம். வாயும் வயிறும் இல்லாத கட்டி எப்படிச் சாப்பிடும்? வேண்டியது கிடைக்காவிட்டால் பேசாமல் இருந்துவிடுமா? பசித்த பூனைகூட மூடிய கதவைப் பார்த்துவிட்டுச் சும்மா போகாதே. அக்காவிடம் கேட்டால் அதிகப்பிரசங்கி என்பாள். கேட்கவில்லை.

கதிர்வீச்சின்போது தலை இம்மிகூட அசையக் கூடாது. அதற்காக முகத்தின் அளவிலேயே வலை போன்ற பிளாஸ்டிக் முகமூடி செய்து, அதை மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். மூன்றாவது வாரம் அதைப் பூட்டிய டெக்னீஷியன் அண்ணன் எங்களை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். முகமூடிக்கும் அத்தானின் கன்னத்துக்கும் நடுவே அவர் விரல் தாராளமாகப் போய் வந்தது.

"இன்னைக்குக் குடுக்க முடியாது. தலை ஆடினா கதிர் நல்ல இடத்துல பட்டுடும். இவர் போடற மாத்திரைக்கு நிறைய பேருக்கு முகம் உப்பும். இவருக்கு என்ன இப்படி வத்திப்போச்சு?"

அத்தான் லிப்ட் மெக்கானிக். எழுந்து உட்கார்ந்தவர், "கதவுல இவ்வளவு இடுக்கு இருந்தா நானும் லிப்டை நிறுத்தத்தான் செய்வேன்," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். போகப்போகக் குரல் இறங்கியது.

டாக்டர் திட்டவில்லை. "நீங்க கேள்விப்பட்டது பொய் இல்லம்மா. பாதிக் கதை," என்று கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். வேறு யாரிடமிருந்தோ எடுத்த கட்டியின் துணுக்கு, சாயம் ஏற்றிப் பெரிதாக்கிய படம். நீலப் புள்ளிகளுக்கு நடுவே சிவப்பு மணிகள்.

"சிவப்பா இருக்கறது கொழுப்பு. சில கட்டிங்க இப்படித் துளித்துளியா சேத்து வைக்கும். வேணுங்கறப்ப எடுத்து எரிக்கும்."

மாதுளை முத்துபோல அழகாகவே இருந்தது. அழகாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப நான் நிறுத்தினது சரிதானே?" என்றாள் அக்கா.

எப்படித்தான் என் வாய் திறந்ததோ! "டாக்டர், நாம வாசல்ல பாலை நிறுத்தினா, அது உள்ளேயே மாடு கட்டிக்குமா?"

அக்கா என் தொடையைக் கிள்ளினாள். டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான்! சர்க்கரை மாதிரி வேற சத்துலேர்ந்து தானே கொழுப்பு செஞ்சுக்க அதுக்குத் தெரியும். ரத்தத்துலேர்ந்தும் எடுத்துக்கும். இவர் சாப்பிடலன்னா இவர் உடம்புல இருக்கற கொழுப்பு கரைஞ்சு ரத்தத்துக்குத்தான் வரும். பட்டினி கட்டிக்கு இல்ல, இவருக்கு."

"அந்த மாட்டைப் பிடிக்க மருந்து?" என்றேன்.

"தேடறாங்க. ஒரு வழியை அடைச்சா இன்னொரு வழியில போகுது. எத்தனை வழி வச்சிருக்குன்னு இன்னும் முழுசா யாருக்கும் தெரியாது."

டாக்டருக்கே தெரியாதது ஒன்று இருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்னும் கேட்டிருப்பேன். அதற்குள் அக்கா, "அப்ப நான் என்னதான் செய்யறது?" என்றாள்.

"எடை குறையாம பாத்துக்கோங்க. புது முகமூடி இன்னைக்கே எடுத்துடலாம். அதுவும் தளர்ந்தா மறுபடி நாள் தள்ளும். நாள் தள்ளினா கட்டிக்குத்தான் லாபம்."

வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக்கை அத்தானின் முகத்தில் அழுத்தி, ஆறும்வரை பிடித்திருந்தார்கள். முடிந்ததும் மூவரும் கேன்டீனுக்குப் போனோம். அக்காவே வறுத்த மீன் வாங்கி வந்தாள்.

அத்தான் முதல் துண்டை வாயில் போட்டார். அக்கா அவர் வாயைப் பார்க்கவில்லை. வலையின் தடம் பதிந்திருந்த நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள், விழுங்கியது எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்போல. நானும் அங்கேதான் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் அங்க என்ன தேடறீங்க? சாப்பிடறவன் இங்க இருக்கேன்."

அக்கா கண்ணைத் தாழ்த்தினாள். அவருடைய ஒட்டிய கன்னம் அசைவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் பங்கு மீனையும் எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"முள்ளு பாத்துச் சாப்பிடுங்க," என்றாள்.