தொழுவம்

கிடங்கின் பின்மூலையில் வேறு மதத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இடைவேளையில் தொழுவார்கள். எங்கள் ஆட்கள் வேண்டுமென்றே அங்கே போய் எச்சில் துப்புவார்கள். தினம் வாய்த்தகராறு. "நீதான் இப்ப எழுதப் பழகிட்டியே, ஒரு போர்டு எழுதி மாட்டு" என்றார் மேஸ்திரி. நரைத்த பிறகு முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டியவன் நான். அட்டையில் எழுதினேன்: "இது தொழுவம். கண்டபடி நுழையாதே."

தொழுகிற இடம் தொழுவம் என்றுதான் நினைத்தேன். மாடு கட்டும் இடத்துக்கு அந்தப் பேர் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் கொட்டகை என்போம்.

மதியத்துக்குள் அட்டையின் படம் எல்லார் போனிலும் ஏறிவிட்டது. அங்கே தொழுகிறவர்களில் ஒருவரான கிரேன்காரர் என் சட்டையைப் பிடித்தார்.

"நாங்க மாடாடா?"

என்னோடு மூட்டை தூக்கும் குட்டையன் முதுகில் தட்டினான். "சரியாத்தான் வெச்சே அண்ணே. இனி புல்லுக்கட்டு வாங்கிப் போடுவோம்."

"தெரியாம எழுதினேண்டா."

"வெளிய அப்படியே சொல்லிக்க" என்று கண்ணடித்தான். சட்டையைப் பிடித்ததைவிட அதுதான் எரிந்தது.

கிரேன்காரர் புகார் கொடுத்தார். மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் ஜெயில் என்றார் இன்ஸ்பெக்டர்.

"நோக்கம்னா என்னங்க ஐயா?"

"தெரிஞ்சு செய்யறது." மைடப்பாவை என் பக்கம் தள்ளினார். "எழுதப் படிக்கத் தெரியாது, யாரோ எழுதினதைப் பாத்து வரைஞ்சேன்னு போட்டிருக்கேன். கைநாட்டு வெச்சுட்டு வீட்டுக்குப் போ."

"வெக்கட்டும், வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார் கிரேன்காரர். "தற்குறிகிட்ட என்ன கேஸ்."

வாசலில் நின்ற என் மனைவி, "வெச்சுத் தொலைங்களேன், விரல் என்ன தேஞ்சா போயிடும்" என்றாள்.

"எழுதினது நான்தான். தப்பா எழுதிட்டேன். அதையே எழுதித் தரேன். உங்க பேனாவைக் குடுங்க" என்று கிரேன்காரரிடம் கை நீட்டினேன்.

அவர் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். "எதுக்கு? மறுபடி எங்களைத் திட்டவா?"

மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்தேன். இன்ஸ்பெக்டர் போட்டிருந்ததை அடித்துவிட்டு அதன்கீழ் எழுதினேன். எழுதியது நான். பிழை என்னுடையது. பகை இல்லை.

நிமிர்ந்து கிரேன்காரரைப் பார்த்தேன். போர்டு எழுதியபோது இல்லைதான். இப்போது இருந்தது. கடைசி இரண்டு சொல்லையும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்துவிட்டு லாக்கப் சாவியை எடுத்தார். "பெல்ட்டைக் கழட்டு" என்றார்.