டோக்கனுக்கு நீட்டிய கை

பள்ளிபாளையத்து நூல் மில்லில் காலைச் சங்கு ஊதினால் மாதையன் வாசல் கேட்டருகே போய் நிற்பான். அவன் பதிலி. நிரந்தர வேலைக்காரர் யாராவது வராவிட்டால், அவருடைய பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போவான். வேலை கிடைக்காத நாளில் பொழுது சாயும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேச ஆளிருக்காது.

அந்த வாரம் மில்லுக்கு டாக்டர்கள் வந்திருந்தார்கள். ஊசி இல்லாமல், துப்பாக்கிபோல் அழுத்தித் தோலுக்குள் மருந்தைச் செலுத்தும் கருவி. ஃப்ளூ காய்ச்சல் தடுப்பு மருந்தை அதில் போட்டுச் சோதித்தார்கள். நல்ல உடம்புக்காரர்கள், சம்மதித்தவர்கள் மட்டும். நிரந்தர வேலைக்காரன் செபஸ்தியான் முதல்நாளே கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தான். கருவியைப் பார்த்ததும் நழுவி வந்து, தன் டோக்கனை மாதையன் கையில் வைத்தான்.

"மாதையா, என் ஷிப்டுக்குப் போறவன் இதுக்கும் போயிட்டு வந்துரு. டோக்கன் ஒண்ணுதானே?"

"ஏனுங்க, துப்பாக்கின்னதும் ஓடியாந்துட்டீங்களா?"

"வாயடிக்காத. நாளைக்கு ஷிப்ட் வேணுமா, வேண்டாமா?"

மாதையன் போய்க் கையை நீட்டினான். 'டப்'பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

சாயங்காலம் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, இருமலோடு மூச்சு வாங்கியது. குடிசையில் தண்ணீர் மொண்டு தர ஆளில்லை. விடிந்ததும், எதிரே செபஸ்தியான் வீட்டு வாசலில், மருந்து போட்டவர்களை விசாரிக்க வந்த நர்ஸ் சாரதாமணியின் குரல் கேட்டது.

"உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க. கல்லாட்டம் இருக்கறேன்."

கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிட்டால் ஆள் மாறியது தெரிந்துவிடும்; தனக்கு இனி ஷிப்ட் இல்லை. மாதையன் போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டான். செருப்புச் சத்தம் தேய்ந்து போயிற்று.

கொஞ்ச நேரத்தில் செபஸ்தியான் எட்டிப் பார்த்தான். "கை உன்னுது, விசாரிப்பு எனக்குடா!" என்று சிரித்தவன், முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"டேய், முட்டை தின்னா உனக்கு ஆவாதா?"

"சின்னதுல இருந்தே தடிக்குமுங்க. ஏனுங்க?"

"அது முட்டையில வளத்த மருந்தாம்டா. தடிக்கும்னா போடமாட்டோம்னு சொன்னாங்க. என்னைய கேட்டாங்க. உன்னைய ஒருத்தரும் கேக்கலையே, சாமி!"

வெறுங்காலோடு ஓடி, மில் கேட்டருகே போய்விட்ட சாரதாமணியை அழைத்து வந்தான். அவள் அவசரமாக மருந்து கொடுத்தாள். இருமல் அடங்கி, மாதையனின் மூச்சு சீரானது. பிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.

"இவருக்கு யாரு போட்டது? பட்டியல்லயே இல்லையே!"

செபஸ்தியான் கை கட்டி நின்றான்.

"நான்தானுங்க பயந்துக்கிட்டு இவனை அனுப்புனேன். எழுதிக்குங்க, என் வேலை போனாலும் போவட்டும். மெஷினுக்கு ஆள் மாத்தற பழக்கத்துல உடம்புக்கும் மாத்திட்டேன். யாரு உடம்புல மருந்து ஏறுதோ, அவனைக் கேட்டு, அவன் சரின்னு சொன்னாத்தான் போடணுமுங்க. இல்லாதவன்னா கேக்க வேண்டியதில்லைன்னு நெனைச்சது என் தப்பு."