முதல் வேண்டாம்

தலைநகரத்திலிருந்து வந்த நிலையாணை எண் பதினான்கை லேமினேட் பண்ணி, ஆம்புலன்ஸ் நிலையத்தில் தேநீர் கொதிக்கும் சமோவாருக்கு நேர் மேலே ஒட்டிவைத்திருந்தார்கள். தேநீர் ஆவியில் ஆணை நனைந்துவிடக் கூடாது பாருங்கள். ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் உருளையின் திருகு மூன்று மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கு லேமினேட் கிடையாது.

“சுயநினைவுள்ள நோயாளி மருத்துவமனைக்கு வர மறுத்தால், முதல் மறுப்பே இறுதி மறுப்பு. வற்புறுத்தல் கூடாது. மறுப்புப் படிவத்தில் கையெழுத்துப் பெற்றுப் பத்து நிமிடத்துக்குள் அவ்விடம் விட்டு அகல வேண்டும்.”

சியாமக் அதை இரண்டு தரம் வாசித்தான். பாலைவனத்து யஸ்த் நகரத்து ஆம்புலன்ஸில் பன்னிரண்டு வருஷமாக மருத்துவ உதவியாளனாக ஓடுகிறவன்.

“நுஸ்ரத் அண்ணே, இதை எழுதினவரு இந்த நாட்டுலதான் பொறந்தாரா?”

ஓட்டுநர் நுஸ்ரத் கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். “பொறந்தது இங்கதான் இருக்கும். எவன் வீட்டுக்கும் விருந்துக்குப் போயிருக்க மாட்டாரு.”

யஸ்தில் முதல் வேண்டாம் என்பது வணக்கம் சொல்கிற மாதிரி. இரண்டாவது வேண்டாம் மரியாதைக்கு. மூன்றாவது தரம் கேட்கும்போதுதான் மனுஷருக்கு வேண்டுமா வேண்டாமா என்று அவருக்கே தெரியவரும். கல்யாண வீட்டில் முதல் வேண்டாமுக்கே தட்டை எடுத்துப் போனவளைப் பற்றி இந்த ஊரில் இருபது வருஷம் பேசுவார்கள். இத்தனையும் பால்குடி மறக்காத பிள்ளைக்குத் தெரியும். தலைநகரத்துக்குத் தெரிய வேண்டும் என்று கட்டாயமா என்ன? அங்கே யாரோ ஒரு பெரிய இடத்து மாமியாரை வாயுத் தொல்லைக்காக வற்புறுத்தி ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்களாம். அந்த அம்மாளின் வாயு அடங்கிவிட்டது. அதிலிருந்து ஆணை கிளம்பிவிட்டது.

“உனக்கு ஏற்கெனவே ரெண்டு மெமோ இருக்கு” என்றார் நுஸ்ரத். “மூணாவது வந்தா தபஸ் பாலைவன ரோட்டுச் சாவடிதான். அங்க நோயாளியை விட ஒட்டகம் ஜாஸ்தி.”

“ஒட்டகம் முதல் தரமே உண்மையைச் சொல்லும்ணே.”

காலை பத்தரைக்கு அழைப்பு வந்தது. மண்சுவர்ச் சந்து ஒன்றில் ஒரு பெரியவருக்கு நெஞ்சு வலி.

பெரியவர் பெயர் ஹஷ்மத். பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பளத்தில் திண்டில் சாய்ந்திருந்தார். வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றதும் பைஜாமாவுக்கு மேலே கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. நெற்றி வியர்வை புருவத்தில் சொட்டியது.

“வாங்க, வாங்க. உங்க காலடி பட்டது எங்க பாக்கியம். தூபா, பழம் வை.”

“பழம் அப்புறம் ஐயா. நெஞ்சு எப்படி இருக்கு?”

“உங்க புண்ணியத்துல நல்லா இருக்கு தம்பி. உங்க நெஞ்சு எப்படி?”

“விடியக்காலைலேருந்து பிசையுதுன்னு துடிச்சாரு!” என்றாள் அவர் மனைவி தூபா, மாதுளைத் தட்டும் கையுமாக. “ஆளைக் கண்டதும் ஆரோக்கியமாயிட்டாரு!”

சியாமக் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றி இ.சி.ஜி. ஒட்டினான். தாளில் கோடு கல்லறை மேடு மாதிரி எழும்பி எழும்பி வந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத மாரடைப்பு. அடைப்பை நீக்குகிற மருத்துவமனை பதினைந்து நிமிட ஓட்டத்தில் இருந்தது. அங்கே போனால் மனுஷர் பிழைப்பார். இங்கேயே இருந்தால் சாயங்காலத்துக்குள் அந்த மாதுளை துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு ஆகிவிடும்.

“இந்த ஆஸ்பிரினை மென்னு முழுங்குங்க ஐயா.”

“நான் மட்டுமா? முதல்ல ஓட்டுநர் தம்பிக்குக் குடுங்க. வெயில்ல வந்திருக்காரு.”

“நான் வர்ற வழியிலேயே சாப்பிட்டுட்டேங்க” என்றார் நுஸ்ரத், முகம் மாறாமல். அதற்கப்புறம்தான் பெரியவர் வாயைத் திறந்தார்.

இனி ஆணைப்படி, கன்ட்ரோல் ரூம் போனைத் திறந்துவைத்து, அங்கே இருக்கிற டாக்டர் காதில் விழும்படி கேள்வி கேட்க வேண்டும். கேள்வியும் எழுதிக்கொடுத்ததுதான். சியாமக் நாக்கு ஒட்ட ஒட்டக் கேட்டான்.

“தாங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படச் சம்மதிக்கிறீர்களா?”

“ஐயோ, வேண்டாம் தம்பி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

போனுக்குள் டாக்டர் சொன்னாள்: “கேட்டுச்சு. தெளிவான மறுப்பு. படிவத்தை எடுங்க.”

“டாக்டரம்மா, இது மாரடைப்பு.”

“சுயநினைவு இருக்கா?”

“என்னை விட அதிகமா இருக்கு.”

“அப்போ பதினாலுதான்.”

“மரியாதைக்குச் சொல்றாரும்மா! நீங்களும் இந்த ஊர்தானே!”

டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். “எனக்குத் தெரியுது சியாமக். படிவத்துல மரியாதைக்குன்னு கட்டம் இல்லையே. இந்தப் பேச்செல்லாம் பதிவாகுது. எனக்கும் வேலை இருக்கணும்ல?”

“ஒரே தரம்தானே வேண்டாம்னாரு!” தூபா தட்டைக் கீழே வைத்தாள். “இன்னும் ரெண்டு தரம் கேளுங்க! யார் வீட்டுல இப்படிக் கேப்பாங்க?” புருஷனிடம் திரும்பினாள். “யோவ், சரின்னு சொல்லித் தொலையேன்!”

“வந்தவங்க முன்னாடி என்ன பேச்சு இது?” என்றார் ஹஷ்மத், மூச்சு வாங்க.

சியாமக் படிவத்தை நீட்டினான். பெரியவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. ஆனால் முப்பது வருஷப் பதிவு அலுவலகம், வீடு தேடி வந்தவர் நீட்டுகிற தாள். தட்டுவாரா? தன் பேனாவைக் கொண்டுவரச் சொல்லி, கொடிபோல் சுழித்து ஒரு கையெழுத்து. அந்த அழகில் ஒரு மனுஷர் தன் சாவுக்குச் சம்மதம் எழுதி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். “தப்பு இருந்தா மன்னிக்கணும்” என்று வேறு சொன்னார்.

“கேஸ் மூடியாச்சு. கிளம்புங்க” என்றாள் டாக்டர். போன் அணைந்தது.

நுஸ்ரத் பையைத் தூக்கினார். சியாமக் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் பெரியவர் கோட்டுக்குள் கையை விட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

சியாமக் செருப்பை மறுபடி கழற்றினான். வந்து பெரியவர் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தான்.

“ஐயா, ஆபீஸ் பேச்சு முடிஞ்சுது. இனி நம்ம பேச்சு. இவ்வளவு மரியாதையா எங்களை வரவேற்றீங்க. பதிலுக்கு நீங்க நம்ம இடத்துக்கு வரணும்.”

“உங்க இடமா?”

“வாசல்ல நிக்குதே. சின்ன வீடுதான், ஒத்தைக் கட்டில். ஆனா குளுகுளுன்னு இருக்கும்.”

“அடடா, எதுக்கு தம்பி? உங்களுக்குத் தொந்தரவு.”

“வரலேன்னா எங்க வீட்டைக் கேவலமா நெனைக்கிறீங்கன்னுதான் அர்த்தம்.”

“சேச்சே! அப்படியெல்லாம் இல்ல!”

“நீங்க வருவீங்கன்னு நுஸ்ரத் அண்ணன் காலைலேருந்து தொடைச்சு வச்சிருக்காரு.”

பிறந்ததிலிருந்து எதையும் துடைத்தறியாத நுஸ்ரத் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். “மூணு தரம் தொடைச்சேங்க. நீங்க வராம போனா என் பொஞ்சாதி மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

பெரியவர் இருவரையும் பார்த்தார். மூன்றாவது தரமும் அழைத்தாகிவிட்டது. இதற்கு மேல் மறுத்தால் அது அவமானம். “தூபா, என் செருப்பை எடு” என்றார்.

“நடக்கக் கூடாதுங்க. விருந்தாளியைத் தூக்கிட்டுப் போறதுதான் எங்க வழக்கம்.”

ஆம்புலன்ஸ் கதவருகே ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, “நீங்க முதல்ல ஏறுங்க” என்றார். சியாமக் சொன்ன பேச்சுக் கேட்டு முதலில் ஏறி, உள்ளே இருந்து இழுத்தான்.

ஆனால் மூடிய கேஸுக்கு மருத்துவமனையில் படுக்கை தர மாட்டார்கள். புதுக் கேஸ் எண் வேண்டும். தூபாதான் வாசலில் நின்று கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டாள். அதே டாக்டர்தான் எடுத்தாள்.

“நோயாளி எங்க இருக்காரு?”

“ஆம்புலன்ஸ்ல.”

“எந்த ஆம்புலன்ஸ்ல?”

“நீங்க அனுப்பினதுலதான் தாயி.”

“அது அப்பவே கிளம்பியிருக்கணுமே?”

“எங்க கிளம்புச்சு? எங்க வீட்டுக்காரரு அதுக்குள்ள விருந்துக்குப் போயிருக்காரு.”

டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு தரம் இருமினாள். பிறகு எண்ணைச் சொன்னாள்.

வண்டி பெரிய சதுக்கத்தைத் தாண்டும்போது பெரியவரின் இதயம் நின்றது. சியாமக் கத்தினான்: “அண்ணே, ஓரம் கட்டு!” ஒரே ஒரு மின் அதிர்ச்சிதான் கொடுத்தான். கோடு மறுபடி துள்ளியது. கண் திறந்த பெரியவர், முன்னால் இருந்த நுஸ்ரத்தின் தலையை எட்டிப் பார்க்க முயன்றார்.

“ஓட்டுநர் தம்பிக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கேன். மன்னிக்கணும்.”

“ரோஜாவுக்கு ஏதுங்க முதுகு? எந்தப் பக்கமும் முகம்தான்” என்ற நுஸ்ரத் வண்டியை மறுபடி கிளப்பினார். வண்டி பறந்தது.

இரண்டு வாரம் கழித்து, சட்டப்படி அந்த வீட்டுக் கம்பளத்தில் இறந்திருக்க வேண்டிய மனுஷர் பிழைத்துப்போன குற்றத்தை விசாரிக்க, தலைநகரத்திலிருந்து ஸதூதே என்ற அதிகாரி வந்தார். பதினான்காம் ஆணையை எழுதியவரும் அவர்தான். பாலைவன ரோட்டில் ஏழு மணிநேரம் வந்ததில் தொண்டை கரகரத்தது. மேஜைமேல் மூன்றாவது மெமோ.

“மறுப்புக் கையெழுத்து இருக்கு. ஆளும் வண்டியில இருந்திருக்காரு. வற்புறுத்தினியா?”

“இல்லைங்க. அழைச்சேன்.”

ஸதூதே பெரியவரின் வாக்குமூலத்தைப் பிரித்தார். கொடிக் கையெழுத்து. “நான் தெளிவாக மறுத்தேன். ஆணைக்கு எந்தக் குறையும் நேரவில்லை. பின்னர் இவ்விருவரும் அன்போடு அழைத்ததால் அவர்கள் இடத்துக்குப் போனேன். உபசாரம் பிரமாதம். கட்டில்தான் கொஞ்சம் ஒடுக்கம்.”

அந்த நேரம் பார்த்து நுஸ்ரத் தட்டோடு வந்தார். தங்க நிறத் தேநீர், ஏலக்காய் மணக்கிற பாதாம் இனிப்பு.

“சாப்பிடுங்க ஐயா.”

“வேண்டாம் வேண்டாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்றார் ஸதூதே. தன்னையறியாமல் கை தட்டுப் பக்கம் லேசாக நீண்டது.

“சரிங்க” என்றார் நுஸ்ரத். கடிகாரத்தைப் பார்த்துப் பதிவேட்டில் நேரம் குறித்தார். “இங்க ஒரு கையெழுத்து.” ஒன்றும் புரியாமல் அவரும் போட்டுக்கொடுத்தார். நுஸ்ரத் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

ஸதூதே எச்சில் விழுங்கினார். சமோவாருக்கு மேலே தன் ஆணை பளபளப்பதைப் பார்த்தார். சியாமக்கைப் பார்த்தார். சியாமக் தரையைப் பார்த்தான்.

“நுஸ்ரத்... அந்தத் தட்டு...”

“கேஸ் மூடியாச்சுங்க ஐயா!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “வேணும்னா புதுசா ஒரு போன் போடணும்!”

மேஜைமேல் சமையலறைக்கும் இணைப்புள்ள போன் இருந்தது. பக்கத்தில் மெமோ. ஸதூதே இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெமோவை நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, போனை எடுத்தார்.

சமையலறையில் மணி அடித்தது. நுஸ்ரத் மூன்றாவது மணிக்குத்தான் எடுத்தார்.