கால் இல்லாத குளம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க மக்கா. ஒரு பொன்னாடையால் வேலை போகப் பார்த்த பெண்ணின் கதையைச் சொல்கிறேன். கேட்டால் உங்களுக்கும் முதுகு கொஞ்சம் நிமிரும்.

பெபிஷா கடற்கரைப் பிள்ளை. படித்துவிட்டு வீட்டிலேயே இருந்தவளுக்கு, தக்கலையில் குளங்களைச் சீர்செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. இந்த வேலை நிலைக்கவில்லை என்றால் கல்யாணம்தான் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கூடவே சேர்ந்தவன் சுஜித், நெல் விவசாயக் குடும்பத்துப் பையன்.

முதல் நாளே விழா. அவன் ஊரில் தூர்வாரிய குளத்தை ஊராரிடம் ஒப்படைக்கிறார்கள். புதுப் பணியாளர்களுக்கும் அங்கேயே வரவேற்பு. விழாவுக்கு முன்னால் இரண்டு பேரும் கரையைச் சுற்றி வந்தார்கள்.

“தண்ணி எது வழியா வரும்?” என்றாள் பெபிஷா.

சுஜித் செம்மண் கொட்டி மேடாக்கிய இடத்தைக் காட்டினான். அங்கே ஒரு பலகை, ‘லேக் வியூ மனைகள்’ என்று.

“காலு அதுக்கு அடியில கெடக்கு. சத்தமா கேட்டுராத.”

குளத்துக்கு நீர் வரும் வாய்க்காலைத்தான் அந்தப் பக்கம் கால் என்பார்கள். அதை மூடி மனை போட்டவர் குலசேகரன். தூர்வாரப் பணம் கொடுத்தவரும் அவரே. அன்றைய சிறப்பு விருந்தினரும் அவரேதான்!

மேடையில் நிறுவனத் தலைவி ஜெபகுமாரி, பெபிஷா கையில் பொன்னாடையைக் கொடுத்து, “சாருக்குப் போத்து” என்றார்.

பெபிஷா அவர் முன்னால் போய் நின்றாள்.

“சார், இந்தக் குளத்துக்குக் காலு எங்க?”

குலசேகரன் சிரித்தார். “குளத்துக்கு எதுக்கு பிள்ளே காலு? எழும்பி நடக்கவா போவுது?”

கூட்டமும் சிரித்தது.

“குளம் நடக்காது சார். தண்ணி நடந்து வரணும்லா? நீங்க அது மேல மண்ணைப் போட்டு வச்சிருக்கிய.”

சிரிப்பு நின்றது. “கடக்கரைக்காரிக்குக் குளத்துல என்ன வேல? போய் மீனு வாரு,” என்றார் அவர்.

“மீனும் வாருவேன், மண்ணும் வாருவேன். காலைத் திறந்து விடுங்க, நானே வந்து போத்துகேன்.”

பொன்னாடையை மடித்து மேசைமேல் வைத்தாள். ஜெபகுமாரி பல்லைக் கடித்துக்கொண்டு அதை எடுத்து சுஜித்திடம் நீட்டினார். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

“எங்க வயலும் அந்தக் காலை நம்பித்தான் மேடம்.”

கடைசியில் ஜெபகுமாரியே போர்த்தினார். பிறகு பெபிஷாவிடம் தாழ்ந்த குரலில், “வீட்டுக்குப் போடீ” என்றார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. விழாவில் படம் எடுப்பதற்காக ரிப்பன் கட்டி வைத்திருந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே செம்மண் மேட்டில் ஏறினாள். சுஜித் பின்னால் ஓடினான். அவன் அம்மாவும் மண் அள்ள ஓலைக் கடவத்தோடு வந்தாள். அதைப் பார்த்து வயல்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

குலசேகரன் பொன்னாடையோடே ஓடி வந்தார். “போலீசை விளிப்பேன்!”

“விளிச்சிட்டு வாரும்,” என்றாள் சுஜித்தின் அம்மா. “வாறவங்களும் ஆளுக்கொரு மம்பட்டி கொண்டு வரட்டும். இது உம்ம வீட்டு முற்றம் இல்ல, ஊருக் காலாக்கும்!”

அவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். காரில் ஏறிப் போய்விட்டார்.

மாலைக்குள் பழைய வாய்க்காலின் கருங்கல் கரை கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது ஜெபகுமாரி வந்து, அந்தக் கரையையும் மண் அள்ளும் ஊராரையும் பார்த்தபடி நின்றார். பெபிஷா நிமிரவில்லை, வெட்டிக்கொண்டே இருந்தாள்.

“நாளைக்கு நீ ஆபீசுக்கு வராண்டாம்.”

“சரி மேடம்.”

“நேரா இங்க வந்துரு. மீதி மண்ணையும் அள்ளணும்லா?” என்றவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்.

கேட்டிருந்த உங்கள் வீட்டுக் கிணறுகள் கோடையிலும் ஊறட்டும் மக்கா. அடுப்பு அணையாதிருக்கட்டும். முடியாது என்று சொல்லவேண்டிய இடத்தில் உங்கள் பிள்ளைகளின் நாக்கு குழறாதிருக்கட்டும்.